ஐந்து கம்பி ஜன்னல்

மார்ச் 3

அன்புள்ள வாலு,

நான் நலம். உன் நலத்தை நானாக ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஜனவரியில் போட்ட கடிதத்துக்கு இன்னும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் பேசலாம் என்றால் என் காது உனக்குத் தெரியும். போன தடவை நீ அந்தப் பக்கம் கத்த, நான் இந்தப் பக்கம் "என்னது, என்னது" என்று கத்த, பக்கத்து வீட்டு வங்கிக்காரர் ஓடி வந்து "என்ன சார், யாராவது தவறிட்டாங்களா" என்று கேட்டுவிட்டார். ஆகவே தபால்தான் நமக்கு.

மாடி அறை முடியும் நிலையில் இருக்கிறது. தரைக்கு ஓடு ஒட்டியாகிவிட்டது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கச் சொன்னேன். "எனக்கா, உனக்கா" என்று கேட்பாய். இரண்டு பேருக்கும்தான். மே மாதம் நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நேராக இங்கே வந்துவிடலாம். உன் அண்ணி போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு ஆளுக்குச் சமைத்து ஒரு ஆளே சாப்பிடுவது என்ன பிழைப்பு என்று தெரியவில்லை. நீ இதுவரை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இப்போது எழுதுவது வேறு காரியத்துக்கு. வீட்டுச் சொற்களைப் பற்றி அந்த மாதப் பத்திரிகையில் எழுதுகிறேன் அல்லவா, சாவி, மேசை, அலமாரி எல்லாம் ஆகிவிட்டன. அடுத்தது ஜன்னல். இதுவும் அவற்றைப் போலக் கப்பலேறி வந்த சொல்தான். போர்த்துக்கீசியர் 'ஜனேலா' என்றார்கள். அதன் வேரைத் தோண்டினால் லத்தீனில் வாசற்கதவுக்கு இருந்த சொல் வருகிறது. ஆக, ஜன்னல் என்பது பிறப்பால் ஒரு சின்ன வாசல். அவர்கள் வருவதற்கு முன்னால் நாம் சுவரில் ஓட்டை இல்லாமலா இருந்தோம்? காலதர் என்றோம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பலகணி என்றோம், பல கண் உள்ளது என்பதால். சாளரத்தின் மூலத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நான் அதில் கை வைக்கவில்லை. தையற்கடையில் ரவிக்கை முதுகில் விடும் திறப்புக்கும் ஜன்னல் என்றே பெயர் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

கட்டுரை நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இப்படி முடித்திருக்கிறேன்:

"எனக்கு இருபத்திரண்டு வயது, என் தங்கைக்குப் பதினேழு. எக்ஸ்ரே எடுக்கும் பயிற்சியில் அவளுக்கு இடம் கிடைத்த கடிதம் அப்பாவின் கையில் சிக்கியது. போகக் கூடாது என்று அவளைப் பின்னறையில் வைத்துப் பூட்டினார். அந்த அறைக்குச் சந்துப் பக்கம் ஒரு ஜன்னல். தினமும் வேலைக்குப் போகும் வழியில் அதன் கம்பிகளுக்கிடையே அவளுக்குப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போவேன். சின்ன வாசல் என்ற பொருள் எனக்கு அகராதியில் கிடைத்ததல்ல."

எதையும் இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்க்காமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்பது நிருபர் வேலையில் வந்த நாற்பது வருடப் பழக்கம். இதில் இரண்டாவது ஆள் நீ. சரி என்று ஒரு அட்டை போடு, போதும். இருபத்தைந்தாம் தேதி கட்டுரை போயாக வேண்டும்.

உன் அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. ஜனவரிக் கடிதமும் வந்தது. பதில் போடாதது என் தப்புதான். மருத்துவமனையில் புது மெஷின் இறக்கியிருக்கிறார்கள். அதைப் பழகிக்கொள்ள வந்திருக்கும் பெண்கள் நான்கு பேரும் என்னை "மேடம், மேடம்" என்று பிய்த்து எடுக்கிறார்கள். ஓய்வு பெறப் போகிறவளுக்கு எதற்குப் புது மெஷின் என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "நீங்க போறதுக்குள்ள இதுங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறாயா? உப்பைக் குறைத்தாயா? அண்ணி இருந்தால் நான் கேட்க வேண்டியிருக்காது.

மாடி அறையைப் பற்றி யோசிக்கிறேன். அவசரப்படுத்தாதே.

கட்டுரையைப் படித்தேன். சாவிக்கு எழுதியதைவிட இது நன்றாக இருக்கிறது. ஆனால் கடைசிப் பத்தியைப் போடாதே. அந்த அறையில் ஜன்னல் இல்லை.

தங்கை


மார்ச் 13

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவையும் படித்தேன். ஜன்னல் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

நான் சொல்கிறேன், கேள். மரச் சட்டம், ஐந்து கம்பி. பச்சை வண்ணம் அடித்து, அதன் மேல் துரு ஏறியிருந்தது. இடமிருந்து இரண்டாவது கம்பி கொஞ்சம் வளைந்திருக்கும். அந்த இடத்தில்தான் புத்தகம் போகும், அதுவும் சாய்த்துப் பிடித்தால். முதல் நாள் நான் நேராகத் திணித்து அட்டை மடங்கிவிட்டது. "அறிவிருக்கா, திருப்பிப் பிடி" என்று உள்ளேயிருந்து திட்டினாய். பூட்டி வைக்கப்பட்டவள் பேசுகிற பேச்சா இது என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனேன். இரண்டு பாகக் கடல் நாவல் ஒன்று கொண்டுவந்தேனே, நினைவில்லையா? முதல் பாகத்தின் கடைசியில் கப்பல் பாறையில் தட்டி நிற்கும்.

இதையெல்லாம் நான் எங்கே உட்கார்ந்து கற்பனை செய்தேன்? எனக்குக் கற்பனை வராது என்பது என் பழைய பத்திரிகை ஆசிரியர் எனக்குக் கொடுத்த ஒரே நற்சான்று. உனக்குத்தான் மறந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து வருடம் ஆயிற்று, அதில் குற்றமில்லை. ஆனால் மறந்தவர்கள் 'நினைவில்லை' என்று எழுதுவார்கள். நீ 'இல்லை' என்று எழுதியிருக்கிறாய். அதுதான் என்னைக் குழப்புகிறது.

ஒருவேளை என்மேல் வேறு ஏதாவது கோபமா? மாடி அறை விஷயத்தில் அவசரப்படுத்தியதற்கா?

குழப்பத்துடன்,
அண்ணன்


மார்ச் 17

அன்புள்ள அண்ணா,

எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது. நீ தெரிந்து எழுதுகிறாயா, தெரியாமல் எழுதுகிறாயா என்பது எனக்குப் பிடிபடவில்லை.

அந்த அறையில் என்னென்ன இருந்தது என்று நானும் சொல்கிறேன். எட்டு அடிக்குப் பத்து அடி, கால் வைத்து அளந்தது. ஒரு கதவு. ஆறு சாக்கு மூட்டை, ஒரு கயிற்றுக் கட்டில், கால் உடைந்த தையல் மெஷின். ஒரு பல்பு, அதன் சுவிட்ச் வெளியே. அம்மா சாப்பாடு கொண்டுவரும்போது போடுவாள், அப்பா வந்து நிறுத்துவார். நூற்று இருபத்தொன்பது நாள் அந்த அறையில் ஜன்னல் இல்லை. நான் கட்டில் காலில் நகத்தால் கீறி எண்ணினேன்.

என் வேலையைப் பார்த்து நீயே ஒருமுறை கேட்டாய், எப்படித்தான் அந்த அடைத்த அறையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தாயோ என்று. எக்ஸ்ரே அறைக்கும் ஜன்னல் கிடையாதுதான். ஆனால் அந்தக் கதவைச் சாத்துவதும் திறப்பதும் நான். அது வேறு.

உன்மேல் கோபம் இருந்தால் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்பேனா? சாப்பிட்டாயா?

தங்கை


மார்ச் 20

அன்புள்ள வாலு,

நேற்று பழைய வீட்டுக்குப் போய் வந்தேன். வேறு வழி தெரியவில்லை. நீ இல்லை என்கிறாய், நான் உண்டு என்கிறேன், சுவரைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் இப்போது ஜெராக்ஸ் கடை நடக்கிறது. முன்னறையில் மூன்று மெஷின். பின்னறையில் காகிதக் கட்டுகள். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், வாயில் எப்போதும் ஒரு ரப்பர் பேண்ட். நான் பழைய வீட்டுக்காரரின் மகன் என்றதும் முகம் மாறிவிட்டது.

"பத்திரத்துல ஏதாச்சும் வில்லங்கமா சார்?"

"அதெல்லாம் இல்லப்பா. பின்னறையில ஒரு ஜன்னல் இருந்துச்சா, இல்லையான்னு பாக்கணும்."

"ஜன்னலா? அவ்ளோதானா? இதுக்கா வெயில்ல வந்தீங்க?" ரப்பர் பேண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். "அங்க ஜன்னலே கிடையாது சார். இருந்திருந்தா நான் ஏன் புழுங்கிச் சாகறேன்?"

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். நான்கு பக்கமும் வழுவழுவென்று சுவர். நான் சந்துப் பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே சத்தம், அல்லது என் காதுக்கு ஒரே சத்தம். நாற்பத்தைந்து வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்த கதை. உன் அண்ணிக்குச் சொல்லியிருக்கிறேன், அவள் என்னைக் கட்டிக்கச் சம்மதித்ததே அதைக் கேட்டுத்தான் என்று சொல்வாள்.

கிளம்பும்போது அவராகச் சொன்னார். "இந்தச் சுவரு ஒரு மாதிரி சார். போன வருஷம் ஏசி போடறதுக்கு ஓட்டை போட வந்தான். ரெண்டு அங்குலம் போனதும் டிரில் நின்னுடுச்சு. உள்ள இரும்பு. தள்ளிப் போட்டான், அங்கயும் இரும்பு. மூணாவது தடவை பிட் உடைஞ்சதும், 'உங்க வீட்டுக்குள்ள இன்னொரு ஜெயிலு இருக்குண்ணே, நான் வரலை'ன்னு போயிட்டான்."

சந்துக்குப் போனேன். வெளிப்பூச்சு உதிர்ந்த இடத்தில் மேலே, ஜன்னல் தலையில் வைக்கிற மாதிரி ஒரு நீளக் கல் தெரிந்தது. அதன் கீழே செங்கல் வேறு நிறம். கையால் அளந்தேன். மூன்று அடி உயரம், இரண்டரை அடி அகலம். கம்பிகளை எடுக்காமலே வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஆக, ஜன்னல் இருந்தது வாலு. ஐந்து கம்பியும் சுவருக்குள்ளே இன்னும் நிற்கிறது. வீட்டை விற்ற பிறகு யாரோ அடைத்திருக்க வேண்டும் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். பேருந்தில் வரும்போது உன் கணக்கு இடித்தது. பூட்டியது ஜூன் நான்கு. அது என் பிறந்தநாளுக்கு மறுநாள் என்பதால் மறக்காது. அம்மா கதவைத் திறந்துவிட்டு, உன்னை பஸ் ஏற்றி அனுப்பியது அக்டோபர் இருபத்து மூன்று. எண்ணிப் பார்த்தால் நூற்று நாற்பத்தொரு நாள். நீ நூற்று இருபத்தொன்பது என்கிறாய். கட்டில் காலில் கீறி எண்ணியவள் தப்பாக எண்ணியிருக்க மாட்டாய். மீதி பன்னிரண்டு நாள் எங்கே?

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்குத் தெரியும் என்று தோன்றுகிறது.

அண்ணன்


மார்ச் 23

அண்ணா,

உன் பழைய நோட்டுகளையெல்லாம் பரணில் வைத்திருக்கிறாய். அந்த வருட நோட்டை எடுத்துப் பார். பார்த்த பிறகு எழுது. அதற்கு முன்னால் எழுதாதே.

ஏணியில் நீயே ஏறாதே. யாரையாவது ஏறச் சொல்.

தங்கை


மார்ச் 28

அன்புள்ள வாலு,

வங்கிக்காரர் ஏறி எடுத்துக் கொடுத்தார். நோட்டு கிடைத்து இரண்டு நாள் ஆகிறது. எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கட்டுரையை அனுப்பவில்லை. பத்திரிகை ஆசிரியை இரண்டு முறை ஆள் அனுப்பினாள், உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். அது பொய் என்றும் சொல்ல முடியாது.

நோட்டில் இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறேன்.

"ஜூன் 15. காலை: நகராட்சிக் கூட்டம். மாலை: வீட்டில் அப்பா கேட்டார். சொன்னேன்."

"ஜூன் 16. மழைச் சாரல் உள்ளே வருவதால் பின்னறை ஜன்னல் அடைக்கப்பட்டது. மேஸ்திரி ஒருவர். செங்கல் நூற்றுப் பத்து. பிற்பகல் மூன்று மணிக்கு முடிந்தது."

இவ்வளவுதான். என் கையெழுத்து. படித்ததும் முதல் குறிப்பு மட்டும் நினைவுக்குத் திரும்பி வந்தது. அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அவ கையில புத்தகம் இருக்கே, எப்படிப் போச்சு?" என்றார். "ஜன்னல் வழியாப்பா" என்றேன். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்திருக்கலாம். வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பொய் சொல்லாதவன் என்ற பெயரை அப்போதுதான் சம்பாதித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. அதே நோட்டில் முன்பக்கமும் பின்பக்கமும் புரட்டினேன். ஜூன் 12, 14, 17 மூன்று நாளும் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் பற்றிச் செய்தி எழுதியிருக்கிறேன். மழை பெய்து ஐம்பது நாள் ஆகிறது என்று நானே எழுதியிருக்கிறேன், அதிகாரியின் பேட்டியோடு. அதற்கு நடுவில் மழைச் சாரல். அப்பா சொன்ன காரணத்தை அப்படியே இறக்கியிருக்கிறேன். வேறு யாராவது எழுதிக்கொண்டுவந்திருந்தால் "எந்த மழைப்பா இது" என்று கேட்டு மூஞ்சியில் விட்டெறிந்திருப்பேன்.

இதற்குப் பிறகு உள்ளது எனக்குத் தெரியவில்லை. நினைவு வரவில்லை என்பதை நீ நம்ப வேண்டும். பன்னிரண்டு நாள் புத்தகம் கொடுத்தது கண்ணாடி போல நிற்கிறது, கம்பியின் துருவரைக்கும். பதினாறாம் தேதி மட்டும் வெறும் சுவராக இருக்கிறது. நான் அன்றைக்கு வீட்டில் இருந்தேனா? மேஸ்திரியைக் கூட்டிவந்தது யார்? செங்கல் நூற்றுப் பத்து என்று எனக்கு எப்படித் தெரியும், யாராவது சொல்லி எழுதினேனா, எண்ணினேனா? யார் அடைத்தது என்று நோட்டில் இல்லை. அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். நீ உள்ளே இருந்தாய். உனக்குத் தெரிந்திருக்கும்.

சொல். சொல்லாவிட்டாலும் சரி. கடல் நாவலின் இரண்டாம் பாகம் பரணில் அந்த நோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஜூன் பதினாறு கொடுப்பதற்காக வாங்கியது என்று நினைக்கிறேன். பக்கங்கள் பழுத்துவிட்டன, பூச்சி அரிக்கவில்லை. தபாலில் அனுப்பட்டுமா?

மாடி அறையைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

நீ கேட்டதால் சொல்கிறேன். கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

மேஸ்திரி சந்தில் நின்று கட்டினார். சித்தாள் வரவில்லை. "யாராச்சும் கல்லை எடுத்துக் குடுங்கப்பா, வெயில் ஏறுது" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு கை வந்தது. கீழிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து நீட்டியது. நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை உயர உயர முதலில் ஆளின் இடுப்பு மறைந்தது, பிறகு சட்டை. சுவர் வேகமாக வளரவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. ஆள்காட்டி விரலில் மை. அந்த விரலை எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு நாள் அதைத்தான் பார்த்தேன்.

மேலே ஒரு வரிசை மட்டும் பாக்கியிருக்கும்போது நீ எட்டிப் பார்த்தாய். "கொஞ்ச நாள்தான் வாலு, அப்புறம் சரியாயிடும்" என்றாய். அதற்கு மேல் ஏழு கல். நூற்றுப் பத்து என்று நீ எண்ணியது சரியாகத்தான் இருக்கும், எனக்குத் தெரிந்த வரையில் நீ எண்ணிக்கையில் தப்பு செய்ததில்லை.

இத்தனை வருடமும் நீ மறைக்கிறாய் என்று நினைத்திருந்தேன். அண்ணிக்கு அந்தக் கதையைச் சொன்னபோது பக்கத்தில் நானும் இருந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். என்ன தைரியம் என்று நினைத்தேன். உண்மையிலேயே மறந்துவிட்டாய் என்பது இந்த மாதம்தான் தெரிகிறது. மறைப்பது மோசமா, மறப்பது மோசமா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். முடிவுக்கு வர முடியவில்லை. பழக வந்த பெண்களில் ஒருத்தி, "மேடம், நீங்க இன்னிக்கு ரெண்டு பேருக்கு இடது கைக்குப் பதிலா வலது கையை எடுக்கச் சொன்னீங்க" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

அட்டை மடங்கியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. "அறிவிருக்கா" என்று திட்டியதும்.

கட்டுரையைப் போடு. கடைசிப் பத்தியை எடுக்க வேண்டாம், அதற்கடுத்து இன்னொரு பத்தி எழுது. அதற்கு இரண்டாவது ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

மாடி அறைக்கு நான் வரவில்லை. கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. நீ கட்டிய அறையில் என்னால் தூங்க முடியாது, அவ்வளவுதான். அதை வாடகைக்கு விடு, படிக்கிற பிள்ளைகள் யாராவது வருவார்கள். குளியலறைக் கம்பியைக் கீழே உன் குளியலறைக்கு மாற்றச் சொல். இங்கே மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்துக் குடிவந்துவிட்டேன். ஒரே அறைதான். மூன்று பக்கமும் ஜன்னல், காற்று தாங்கவில்லை, சமைக்கும்போது அடுப்பு அணைந்துவிடுகிறது. அப்போதும் நான் மூடுவதில்லை.

இரண்டாம் பாகத்தைத் தபாலில் அனுப்பாதே. அந்தக் கப்பல் என்ன ஆயிற்று என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எடுத்ததில்லை. மே மாதம் கடைசி வாரம் எடுத்துக்கொண்டு வா. ஜன்னல் பக்கம் வந்து கூப்பிடாதே. வாசலுக்கு வந்து மணியை அடி. முழங்கால் வலி இருப்பதால் எழுந்து வர நேரமாகும். திறக்கும்வரை நிற்க வேண்டியிருக்கும், பரவாயில்லையா?

மாத்திரையை மறக்காதே.

வாலு